ஊதா இலைத் தரைமூடி ஏன் பச்சையாகிறது? செட்கிரீசியா வளர்ப்புப் பற்றி ஒரு பதில்

கேள்வி: சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி 20 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட பாத்தி ஒன்று இருக்கிறது. புல் வளர்க்க முடியாததால் அதில் ஊதா நிற இலையுள்ள படர்செடியை நட்டோம். வாசற்கதவுப் பக்கம் 12 அடிக்குச் செடிகள் நல்ல நிறத்துடன் இருக்கின்றன. மீதி 8 அடியில், மாமர நிழலில் இருப்பவை பச்சை கலந்து, நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. நல்ல நிறத்துடன் இருப்பவையும் நடுவில் வழுக்கை விழத் தொடங்கியுள்ளன. உரம் இட்டும் மாற்றமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 60 பைச் செடிகளைப் புதிதாக வாங்கி நடுமாறு சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்தச் செடியில் ஒரு பையும் வாங்க வேண்டாம், உரத்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் பாத்தியின் வெயில் பகுதிக்குத் தேவையான செடிகள் அங்கேயே நிற்கின்றன. நிழல் பகுதிக்கு இந்தச் செடி பொருந்தாது என்பதால் அங்கே எத்தனை முறை புதிதாக நட்டாலும் மூன்று நான்கு மாதங்களில் இதே நிலைக்கு வந்துவிடும்.

நீங்கள் எழுதியிருக்கும் குறிப்புகளை வைத்துப் பார்த்தால், அந்தச் செடி நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் 'செட்கிரீசியா' என்றும் 'பர்ப்பிள் ஹார்ட்' என்றும் விற்கப்படும் டிராடெஸ்கான்ஷியா பல்லிடா என்றே கொள்கிறேன். மெக்சிகோவின் கிழக்குக் கரையோரப் பகுதி இதன் தாயகம். 1911இல் ஜோசப் நெல்சன் ரோஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இதற்குச் செட்கிரீசியா பல்லிடா என்று பெயரிட்டார்; பின்னர் 1975இல் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த டேவிட் ஹன்ட் இதனை டிராடெஸ்கான்ஷியா பேரினத்திற்கு மாற்றினார். பெயர் மாறி அரை நூற்றாண்டாகியும் நம் பண்ணைக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. கடையில் கேட்கும்போது நீங்களும் அதையே சொல்லலாம். 'பல்லிடா' என்ற லத்தீன் சொல்லுக்கு 'வெளிறியது' என்று பொருள். நாவற்பழத் தோலின் நிறத்தில் இலை விடும் ஒரு செடிக்கு இப்படியொரு பெயர் அமைந்தது விந்தைதான் என்றாலும், உங்கள் மாமரத்தடியில் கிடப்பதைப் பார்த்தால் அந்தப் பெயரில் பிழை காண முடியாது. நாம் தோட்டங்களில் வளர்ப்பது அடர் நிறத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'பர்ப்யூரியா' என்னும் வகை. அந்த வகைக்கும்கூட நிறம் வெயிலைப் பொறுத்ததுதான்.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் நீர், உரம், வெட்டு ஆகிய எல்லாவற்றையும் பற்றிய முடிவுகள் இதிலிருந்தே பிறக்கின்றன. ஊதா இலையில் பச்சையம் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் இலையைக் குறுக்காகச் சாய்த்துக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரத்தில் மெல்லிய ஊதாத் தோல் ஒன்று தனியே உரிந்து நிற்கும், அதன் அடியில் இருக்கும் சதை பச்சையாகவே தெரியும். ஊதா நிறம் புறத்தோல் செல்களின் சாற்றில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. இதன் நெருங்கிய உறவான ரியோ இலையின் தோலை உரித்து, உப்புக் கரைசலில் இட்டு, நிறமுள்ள செல் உள்ளடக்கம் சுருங்கிச் சுவரை விட்டு விலகுவதைப் பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி வழியே பார்த்தவர்கள் இந்த ஊதாத் தோலை ஏற்கெனவே அறிந்தவர்களே. கடும் வெயிலில் இந்த நிறமி அடியிலுள்ள பச்சையத்திற்கு ஒரு திரைபோல நின்று, மிகையான ஒளியால் வரும் கேட்டைக் குறைக்கிறது. வெயில் குறைவான இடத்தில் அத்தகைய திரைக்குத் தேவையில்லாததால் செடி அதைச் சிக்கனமாகவே உண்டாக்குகிறது. அங்கே பச்சை மேலோங்குகிறது. அதோடு, ஒளியைத் தேடித் தண்டு நீள்வதால் கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் கூடுகிறது, தண்டு மெலிகிறது, தன் எடையைத் தாங்காமல் சாய்கிறது. நீங்கள் இட்ட உரம், தழைச்சத்து மிகுந்ததாக இருந்திருந்தால், இந்த நீட்சியை இன்னும் விரைவுபடுத்தியிருக்கும். நோய் ஒன்றும் இல்லை. செடி தனக்குக் கிடைத்த ஒளிக்கு ஏற்றபடி நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது வெயிலை அளப்பது. ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மணிக்கு ஒரு தடவை பாத்தியைப் பார்த்து, நேரடி வெயில் எந்த அடிவரை விழுகிறது என்பதைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவையுங்கள். நாளுக்கு 5 அல்லது 6 மணி நேரத்திற்குக் குறையாமல் நேரடி வெயில் விழும் இடம் இச்செடிக்கு உரியது. மூன்று, நான்கு மணி நேரம் விழும் இடத்தில் செடி வாழும், ஆனால் நிறம் மங்கும். அதற்கும் குறைவான இடத்தை இதற்கு ஒதுக்குவது வீண். வெயில் போகும் பாதை ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது என்பதையும் மறக்க வேண்டாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும்போது தெற்குச் சுவரின் வடபுறத்தில் நிழல் நீண்டு விழும். எனவே ஆனியில் அளந்ததை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

கத்திரி வெயிலை இது தாங்குமா என்று அடுத்து எல்லோரும் கேட்பார்கள். தாங்கும். தண்டும் இலையும் சற்றுச் சதைப்பற்றுள்ளவை என்பதால் தன்னுள் நீரை வைத்துக்கொண்டு வறட்சியைக் கடக்கும். மே மாதத்தில் இலை வாய்க்கால்போல மடிந்து நுனி சற்றுக் கருகி நிறம் மங்கினால் பதற வேண்டியதில்லை; இரண்டு மழை பெய்ததும் புதுக் கொழுந்து வரும். ஆனால் சிமெண்ட் தரைக்கும் மேற்குப் பார்த்த சுவருக்கும் இடையே ஒரு சாண் அகலத்தில் மட்டும் மண் இருந்தால், அங்கே வேர்ப்பகுதி மிகையாகச் சூடேறும்; அத்தகைய இடத்தில் கோடைக்காலம் முழுவதும் மாலை நேரத்தில் மண்ணைக் குளிர வைப்பதற்காகவாவது நீர் தெளிக்க வேண்டியிருக்கும். குளிரைப் பொறுத்தவரை சமவெளியில் கவலையே இல்லை. உதகையின் உறைபனியில் மட்டும் மேற்பகுதி கருகிப் போகும். வேர் பிழைத்திருந்தால் மறுபடி துளிர்க்கும்.

இனி வழுக்கைக்கு வருவோம். இதுதான் இச்செடியைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பான்மையானது, இதற்குக் காரணம் கத்தரிக்கத் தயங்கும் நம் மனமே. இந்தச் செடி தண்டின் நுனியில்தான் புதிதாக வளர்கிறது. தண்டு ஓர் அடி உயரம் வந்ததும் சாய்ந்து தரையில் படர்கிறது. படர்ந்த தண்டின் அடிப்பகுதியில் பழைய இலைகள் காய்ந்து உதிர்கின்றன. நுனியில் மட்டும் இலைக்கொத்து நிற்கிறது. ஓராண்டு அப்படியே விட்டால் பாத்தியின் ஓரங்கள் செழித்தும் நடுப்பகுதி வெறும் தண்டுகளாகவும் தெரியும். அதற்கு மருந்து வெட்டுவதே. ஆண்டுக்கு இரண்டு முறை, அதாவது பருவமழை முடிந்த தை மாதத்தில் ஒரு முறையும் கோடை தணிந்த ஆடி மாதத்தில் ஒரு முறையும், எல்லாத் தண்டுகளையும் தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. உயரத்தில், ஒரு கணுவிற்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். பாத்தி இரண்டு வாரங்களுக்குப் பார்க்கச் சகிக்காது. வீட்டில் இருப்பவர்கள் உங்களைக் கேள்வி கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு அடித்தண்டிலிருந்தும் இரண்டு மூன்று பக்கத் துளிர்கள் கிளம்பி முன்னைவிட அடர்த்தியாக மூடும். இடையிடையே, ஒரு சாண் உயரத்திற்கு மேல் தலைதூக்கும் நுனிகளைக் கையால் கிள்ளிவிடுவது போதும். தண்டு கிள்ளினால் எளிதில் ஒடியும் என்பதால் இதற்குக் கருவி தேவைப்படாது.

வெட்டியெடுத்த தண்டுகள்தான் உங்கள் புதிய நடவுப் பொருள். ஒன்றரை அடி அகலப் பாத்தியில் இரண்டு வரிசையாக, முக்கால் அடிக்கு ஒன்று என்ற கணக்கில் நட்டால், 12 அடி நீளத்திற்கு ஒரு வரிசைக்கு 16 வீதம் 32 துண்டுகள் தேவை. நன்கு வளர்ந்த ஒரு தண்டிலிருந்து இரண்டு அல்லது மூன்று துண்டுகள் கிடைக்கும் என்பதால் பதினைந்து தண்டுகளே ஏறத்தாழ முழுப் பகுதிக்கும் போதும். நிழலில் நீண்டு வெளிறிய தண்டுகளையும் எறிந்துவிட வேண்டாம். அவற்றை வெயிலில் நட்டால் பழைய இலைகள் சற்று வாடினாலும் புதிதாக வருபவை ஊதாவாகவே வரும். உங்களிடம் 60 பைகள் வாங்கச் சொன்னவர் கணக்குத் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது எனக்கு வேண்டாத வேலை. ஆனால் தரைமூடிச் செடிகளைப் பொறுத்தவரை, நான்கைந்து பைகளை வாங்கிப் பெருக்கிக்கொள்வதே சிக்கனமான வழி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

துண்டு 10 முதல் 15 செ.மீ. நீளமும் குறைந்தது மூன்று கணுக்களும் உடையதாக இருக்கட்டும். கீழ் இரண்டு கணுக்களில் உள்ள இலைகளை உறையோடு உரித்தெடுத்துவிட்டு, வெட்டுவாயை நிழலில் சில மணி நேரம் உலரவிட்டு, அந்த இரண்டு கணுக்களும் மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்வாக ஊன்ற வேண்டும். உலரவிடாமல் ஊன்றினாலும் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் மழை நாளில் நடுவோர் இதைத் தவறவிட்டால் சில துண்டுகள் அடியில் அழுகுவதைக் காண்பார்கள். கணுக்களிலிருந்து ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வேர் வரும். தண்ணீர்க் குவளையில் போட்டு வேர்விட்ட பின் நடுவதும் உண்டு. அது பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட நல்லது, தோட்டத்திற்குத் தேவையில்லாத வேலை.

மண்ணைப் பற்றி இச்செடிக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. நீர் தேங்காமல் இருந்தால் போதும். சென்னையின் ஆண்டு மழையான சுமார் 1,400 மி.மீ.யில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதங்களில் சுவரோரப் பாத்தியில் மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து நீர் நின்றால், தண்டின் அடி கறுத்துக் குழைந்து, இழுத்தால் கையோடு வரும். உங்கள் பகுதியில் பெரும்பாலும் களிமண்ணாக இருக்கக்கூடும். ஆகவே நடுவதற்கு முன் பாத்தியை நடைபாதை மட்டத்திலிருந்து அரை அடி உயர்த்தி, பாதி தோட்டமண், கால்பகுதி ஆற்றுமணல் அல்லது எம்-சாண்டின் பருமட்டமான பகுதி, கால்பகுதி மட்கிய தொழு உரம் என்று கலந்து நிரப்புங்கள். சுவரோரம் கட்டட வேலையின் சிமெண்ட் கட்டிகளும் செங்கல் ஜல்லியும் புதைந்திருப்பது வழக்கம். ஒரு கடப்பாரை ஆழத்திற்காவது தோண்டி அவற்றை அகற்றிவிட வேண்டும்.

நடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய இன்னொரு வேலை கோரையை ஒழிப்பது. இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். அடர்ந்து மூடிய செட்கிரீசியாவின் அடியில் சிறிய களைவிதைகள் ஒளியின்றி முளைக்கத் திணறும் என்பது உண்மை; ஆனால் மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும் கோரையும் வேர்த்தண்டு வைத்திருக்கும் அருகும் இந்தப் போர்வையைக் குத்திக்கொண்டு மேலே வரும். அப்போது அவற்றைப் பிடுங்கப் போனால் ஒடியும் தண்டுள்ள இச்செடிதான் முதலில் கையில் வரும். பாத்தியை நன்றாகக் கொத்தி, கோரைக் கிழங்குகளைப் பொறுக்கியெடுத்து, இரண்டு வாரம் நீர் ஊற்றிக் காத்திருந்து, மறுபடி முளைத்தவற்றை மறுபடி தோண்டியெடுத்த பிறகே நட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் பின்னால் ஆண்டுக்கணக்கில் களையெடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் வயல்களிலும் வேலியோரங்களிலும் களையாக முளைக்கும் கானாவாழையும் இந்த மெக்சிகோச் செடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் அருகருகே வைத்து, தண்டைச் சுற்றிக் குழல்போல உறையிட்டிருக்கும் இலையடியையும் கணுவில் வேர்விடும் வழக்கத்தையும் பார்த்தால் உறவு விளங்கிவிடும். ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு மற்றொன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நட்ட முதல் இரண்டு வாரங்களுக்கு மண் காயாதபடி நாள்தோறும் லேசாக நீர் தெளியுங்கள். பிறகு மூன்று நாட்களுக்கு ஒரு முறை. வேர் பிடித்து மூடிய பாத்திக்கு, மழையில்லாத நாட்களில் வாரத்திற்கு ஒரு முறையும், சித்திரை வைகாசியில் இரு முறையும் நன்றாக நனையும்படி விட்டால் போதும். விரலைப் புதைத்துப் பார்த்து மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் விடுவது இன்னும் நல்ல வழக்கம். ஆழ்துளைக் கிணற்றின் சற்று உப்பேறிய நீரையும் இது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இலைநுனிகள் கருகுவது மிகுந்தால் மழைக்காலம் அந்த உப்பைக் கழுவிவிடும். உரத்தைப் பொறுத்தவரை, தை, ஆடி வெட்டுகளுக்குப் பின் பாத்தியின் ஒவ்வொரு அடி நீளத்திற்கும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவுவதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். யூரியா கூடவே கூடாது. சற்றுப் பசியோடும் சற்றுத் தாகத்தோடும் முழு வெயிலில் நிற்கும் செட்கிரீசியாதான் குட்டையாகவும் நல்ல நிறத்தோடும் இருக்கும். பாசத்தோடு ஊட்டி வளர்த்தது தளதளவென்று வளர்ந்து மூன்றாம் நாள் சாய்ந்துவிடும்.

பூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தண்டின் நுனியில், படகுபோன்ற இரண்டு சிற்றிலைகளுக்கு நடுவிலிருந்து, மூன்று இதழுள்ள இளஞ்சிவப்புப் பூ காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். அழகுதான், ஆனால் அதற்காக இதை யாரும் வளர்ப்பதில்லை. அந்தப் பூ அழகைவிட ஆய்வுக்கே பெரிதும் பயன்பட்டிருக்கிறது. பிரேசிலின் சாவோ பாலோ நகரில் வாகனப் புகையின் தாக்கத்தை அறிய இச்செடியையே பயன்படுத்தியிருக்கிறார்கள். இளம் மொக்குகளில் மகரந்தத்தை உண்டாக்கும் தாய்ச்செல்கள் பிரியும்போது, மரபுப் பொருள் சிதைந்ததற்கு அடையாளமாகத் தோன்றும் நுண்கருக்களை எண்ணுவதே அந்த முறை. இன்னொரு பக்கம், 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூடிய கண்ணாடிக் கலங்களுக்குள் 28 வகைச் செடிகளைச் சோதித்தபோது, பென்சீன் போன்ற ஆவிகளை நன்கு உறிஞ்சியவற்றுள் இதுவும் ஒன்றாக இருந்தது. அதைச் சொல்லியே இன்று இதை 'காற்றைச் சுத்தம் செய்யும் செடி' என்று விற்கிறார்கள். மூடிய கலம் வேறு, காற்றோட்டமுள்ள வீடு வேறு. உண்மையான அறையில் அத்தகைய விளைவைப் பெற ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள்வரை வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளிவந்த மறுஆய்வு கணக்கிட்டது. ஆகவே அந்த ஆசையில் இதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, வெளிச்சமின்றி வெளிற வைக்க வேண்டாம்.

பூச்சித் தொல்லை குறைவு. கணுக்களின் இடுக்கில் வெண்பஞ்சுபோல மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். பாதிப்பு மிகுதியாக இருந்தால் மருந்தைத் தேடுவதைவிட அந்தப் பகுதியை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துவது விரைவான தீர்வு, மூன்று வாரங்களில் புதிதாகத் துளிர்த்துவிடும். மழைக்காலத்தில் நத்தைகள் இப்போர்வையின் அடியில் பகலில் ஒளிந்துகொண்டு இரவில் மேயும். குறிப்பாகப் பெரிய ஆப்பிரிக்க நத்தை உள்ள பகுதிகளில், இரவில் கைவிளக்கோடு சென்று, கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசலில் போடுவதுதான் வழி. தவளையும் பூரானும் தங்குவதற்கும் இது வசதியான இடம் என்பதால், அடர்ந்த பாத்திக்குள் வெறுங்கையை விடாதீர்கள்.

கையுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒடித்த தண்டிலிருந்து வரும் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும். வீட்டில் நாய் இருந்து, அது இச்செடியின் மேல் படுத்துப் புரளும் பழக்கமுள்ளதாக இருந்தால், வயிற்றுப் பக்கம் தோல் சிவந்து சொறிவதைக் காணலாம். அப்போது நாய்க்கும் பாத்திக்கும் நடுவே ஒரு சிறு தடுப்பு வைப்பது நல்லது. சிவப்பு இலை என்றாலே பொன்னாங்கண்ணி என்று எண்ணிப் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். இது கீரை அல்ல. மிதிபடுவதையும் இது தாங்காது. நடந்து போகும் இடத்தில் புல்தரைக்கு மாற்றாக இதை நட்டவர்கள் ஒரு மாதத்தில் ஒடிந்த தண்டுகளைத்தான் பார்ப்பார்கள்.

இப்போது மாமரத்தடி 8 அடிக்கு என்ன செய்வது என்று பார்ப்போம். அங்கே நான் நடச் சொல்வது ஹெமிகிராஃபிஸ். கேரளத்தில் இதன் இலையை அரைத்து வெட்டுக்காயத்தில் வைத்துக் கட்டுவார்கள். காயத்தைக் கூட்டுவது என்ற பொருளில் அங்கே 'முறிகூட்டி' என்று பெயர். தென்கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலை மேற்புறம் ஈயப் பளபளப்பும் அடிப்புறம் ஊதாவுமாக, சற்றுச் சுருக்கம் விழுந்தாற்போல இருக்கும். ஒரு சாண் உயரத்திற்கு மேல் எழும்பாமல் படரும், வடிகட்டிய நிழலில் நிறம் கெடாது. செட்கிரீசியாவுக்கு நேர்மாறாக இது ஈரத்தை விரும்பும். காய்ந்தால் உடனே துவண்டுவிடும். அரை அடிக்கு ஒன்றாக மூன்று வரிசை நட்டால் 48 துண்டுகள் வேண்டும், ஐந்தாறு பைகளிலிருந்து அவ்வளவும் தேறும். மரத்தின் அடித்தண்டைச் சுற்றி இரண்டடிக்கு எதையும் நடாமலும், வேரின் மேல் மண்ணை உயர்த்தாமலும் விட்டுவிடுங்கள். மண் மூடிய மரப்பட்டை அழுகினால், தரைமூடிக்காக மரத்தை இழந்த கதையாகிவிடும்.

வேறு சில செடிகளையும் உங்களுக்குப் பரிந்துரைக்கக்கூடும். வெள்ளிக் கோடு போட்ட டிராடெஸ்கான்ஷியா ஜெப்ரினா நிழலில் மிக அழகாக வரும். ஆனால் ஒரு மழைக்காலத்தில் பக்கத்துப் பாத்திவரை போய்விடும், எனக்கு அதனிடம் நம்பிக்கையில்லை. தெரு நடுத்திட்டுகளில் காணப்படும் ரியோ வெயிலிலும் நிழலிலும் நிற்கும், ஆயினும் அது படராமல் குத்துக்குத்தாக வளர்வதால் தரை முழுதும் மூட நிறையச் செடிகள் தேவை. பொன்னாங்கண்ணியின் இனமான அலங்கார ஆல்டர்நாந்தெராவுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை கத்தரி போட ஆள் வேண்டும். இணையத்தில் படங்களைப் பார்த்து அஜுகா விதை வாங்கிச் சமவெளியில் விதைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஐரோப்பாவின் குளிர்ந்த நிலத்துக்குரிய அந்தச் செடி கொடைக்கானலில் வளரலாம், சென்னையின் மே மாதத்தைப் பார்க்காது.

செட்கிரீசியாவின் அருகில் எதை வைப்பது என்பது உங்கள் ரசனை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அடர் ஊதா தனியே கிடந்தால் தூரத்திலிருந்து வெறும் ஈரமண்போலத் தெரியும். பின்னால் வெளிர் நிறச் சுவரோ, மஞ்சள்பச்சை இலையுள்ள கோல்டன் டுராண்டாவோ, வெள்ளைப் பூ நிறைந்த நந்தியாவட்டையோ இருந்தால்தான் அந்த நிறம் எடுபடும். செம்மண்ணையும் செங்கல் சுவரையும் பின்னணியாகக் கொண்ட இடத்தில் இதை நட்டு ஏமாந்தவர்களுள் நானும் ஒருவன்.

கடைசியாக, வெட்டிக் கழித்ததை என்ன செய்வது என்பது. இச்செடியின் ஒரு கணு ஈரமண்ணில் பட்டாலே வேர்விடும். வெட்டிய தண்டுகளைக் காலிமனையிலோ ஏரிக்கரையிலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டினால், அது அங்கே தானாகப் பரவி நம் ஊர்ப் புல்பூண்டுகளை மூடிவிடக்கூடும். இதே பேரினத்தைச் சேர்ந்த டிராடெஸ்கான்ஷியா ஃப்ளூமினென்சிஸ் நியூசிலாந்தில் தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டுத்தரையை மூடி, மரக்கன்றுகளை முளைக்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. எனவே நடவுக்குப் போக மிஞ்சிய தண்டுகளை மொட்டைமாடியில் ஒரு தார்ப்பாயில் பரப்பி, தொட்டால் நொறுங்கும்வரை காயவிடுங்கள். சதைப்பற்றுள்ள தண்டு என்பதால் நல்ல வெயிலிலும் பத்துப் பதினைந்து நாட்கள் ஆகும். அதன் பிறகு உரக்குழியில் போடலாம். பச்சையாகப் போட்டால் அடுத்த மாதம் உரக்குழி ஊதாவாக இருக்கும்.

வரும் ஆடி முதல் வாரத்தில் வெட்டத் தொடங்குங்கள். கோரைக் கிழங்கை எடுத்து, இரண்டு வாரம் காத்திருந்து, மாதக் கடைசியில் நட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேர் நன்றாக இறங்கியிருக்கும். இடைப்பட்ட இரண்டு வாரங்களுக்கு வெட்டிய தண்டுகளை ஈரமணல் நிரப்பிய ஒரு பழைய தொட்டியில், காலை வெயில் படும் இடத்தில், நெருக்கமாக ஊன்றி வைத்திருங்கள். நடும்போது அவை வேரோடு கையில் வரும்.